முள்ளங்கிப் பாத்தியில் ஈரம்

சாயங்காலம் நாலு மணிக்குப் பாத்தி மண்ணில் விரலை விட்டுப் பார்த்த செக்கர், சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டார். விரல் முழுக்கச் சேறு.

காலை ஆறு மணிக்கு அவர் ஊற்றிய தண்ணீர் இந்த வெயிலுக்கு இந்நேரம் விரலின் முதல் கணு அளவுக்காவது காய்ந்திருக்க வேண்டும். முந்தாநாள்வரை காய்ந்துதான் இருந்தது. மழை பெய்யவில்லை. குழாயைப் பார்த்தார், சொட்டவில்லை. ஆக, வேறு யாரோ ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றியவர் அவரிடம் சொல்லவில்லை. இந்த இரண்டாவது விஷயம்தான் அவருக்கு உறுத்தியது.

செக்கர் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. இருபத்தெட்டு வருஷம் பஸ்களில் ஏறி இறங்கி டிக்கெட் சோதித்தவர். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் அந்தப் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று கூட வேலை பார்த்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். டிக்கெட்டைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்திருந்த எத்தனையோ அப்பாவிகளை அதே பார்வை பார்த்து வயிற்றைக் கலக்கியிருக்கிறார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சந்தேகப்படுவது மனிதருக்கு மூச்சு விடுவது மாதிரி. அதற்காகத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதே இல்லை.

இந்த முள்ளங்கி விஷயத்தில் அவர் பயந்ததற்குக் காரணமும் இருந்தது. அச்சகத்தில் மேற்பார்வையாளனாக இருக்கும் மகன், பழைய கார் ஒன்று வாங்கியிருந்தான். அதைத் தெருவில்தான் நிறுத்த வேண்டியிருந்தது. வாங்கிய பத்தாம் நாள் எவனோ கதவில் ஆணியால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து மகனுக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தின் மேல் கண். சந்துப் பக்கம் கேட் வைத்து, மண்ணை மூடி சிமென்ட் தளம் போட்டால் கார் நிழலில் நிற்கும் என்றான். அப்பாவும் மகனும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் சாப்பாட்டு மேசையில் ஒரு உடன்படிக்கை ஆயிற்று.

"சரிப்பா. போன தடவை போட்ட முள்ளங்கி அத்தனையும் வெடிச்சுப்போச்சு. இந்தத் தடவை நல்லா வந்தா தோட்டம் உங்களுக்கு. நான் வாயைத் திறக்க மாட்டேன். இதுவும் வெடிச்சா, கொத்தனாரைக் கூப்பிடுவேன். அப்போ நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"சரி" என்றார் செக்கர். ரோஷத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

போன தடவை வெடித்ததற்குக் காரணம் அவருக்குத் தெரியும். மகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தார். பாத்தி பாளம் பாளமாகக் காய்ந்திருந்தது. மனசு கேட்காமல் வாளி வாளியாக ஊற்றினார். முள்ளங்கி அப்படித்தான், பல நாள் பட்டினி போட்டுவிட்டு ஒரே நாளில் விருந்து வைத்தால், அடக்க முடியாமல் குடித்து மேலிருந்து கீழ்வரை பிளந்துகொள்ளும். தினமும் ஒரே நேரம், ஒரே அளவு என்று கொடுத்தால் சமர்த்தாக மண்ணுக்குள் நீளும். அதனால் இந்தத் தடவை மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுச் செடி, செடிக்கு இரண்டு குவளை என்று கணக்காக ஊற்றிவந்தார். நாற்பது நாளாகி, வெள்ளை வெளேரென்ற கிழங்கின் தோள்பட்டை மண்ணுக்கு மேலே தெரிய ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு வாரம் தள்ளினால் ஜெயித்துவிடலாம். இந்த நேரம் பார்த்து இப்படி ஒரு கை உள்ளே புகுந்திருக்கிறது.

முதல் சந்தேகம் பக்கத்து வீட்டு மெக்கானிக் மேல் விழுந்தது. அந்த ஆள் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவன். சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் இரண்டு மூன்று மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் சுவருக்கு அடியில் கசிந்து வருகிறதோ என்று செக்கர் மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனை வரவில்லை. சந்தேகம் தீராமல் நாக்கு நுனியிலும் கொஞ்சம் வைத்துப் பார்த்தார். சுவருக்கு மேலே மெக்கானிக்கின் தலை தெரிந்தது.

"என்ன சார், உப்பு சரியா இருக்கா?"

செக்கர் மண்ணைத் துப்பிவிட்டு, அசடு வழிய உள்ளே போனார். மெக்கானிக் விடுதலையானான்.

மறுநாள் பூவாளியின் கைப்பிடியைச் சுவரைப் பார்த்து வைத்துவிட்டு, வழக்கம்போலப் பதினொரு மணிக்கு நூலகத்துக்குக் கிளம்பினார். ஒன்றரைக்குத் திரும்பியபோது கைப்பிடி குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த நாள் பாத்திக்குப் போகும் வழியில் பொடி மணலைச் சலித்துத் தூவினார். வந்து பார்த்தால் மணலில் ரப்பர் செருப்பின் தடம். சின்னக் காலடி. குதிகால் பக்கம் பூப்போட்ட அச்சு. அந்தச் செருப்பு பின்கதவு ஓரமாக, ஈரம் காயாமல் கிடந்தது. மருமகளுடையது.

 மகன்மேல் சந்தேகம் வந்திருந்தால் செக்கர் தாங்கிக்கொண்டிருப்பார். மருமகளை அவர் நினைக்கவே இல்லை. அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மத்தியானம் பன்னிரண்டேகாலுக்குச் சாப்பிட வருவாள், முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவாள். அவருக்கான சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவாள். தட்டின் பக்கத்தில் அவருடைய ரத்த அழுத்த மாத்திரை ஒரு சின்னக் கிண்ணத்தில் இருக்கும். நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அது தவறியதில்லை. அப்படிப்பட்டவளா?

அப்படிப்பட்டவள்தான் என்று இருபத்தெட்டு வருஷ அனுபவம் சொல்லியது. பஸ்ஸில் அவரைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுக்கிறவன்தானே பெரும்பாலும் டிக்கெட் எடுக்காதவன்.

ஒரு தடவை சந்தேகம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் அதற்கு வேண்டிய தீனி தானாக வந்துகொண்டே இருக்கும். மருமகள் டீயை நீட்டியபடி, "இன்னும் எத்தனை நாள் மாமா இருக்கு முள்ளங்கிக்கு?" என்றாள்.

"எதுக்கும்மா கேக்கிறே?"

"சும்மாதான். உள்ள வெடிச்சிருந்தா வெளியில தெரியுமா?"

"தெரியாது. பிடுங்கினாத்தான் தெரியும்."

"ஓ" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த 'ஓ'வை வைத்துக்கொண்டு செக்கர் அன்று முழுக்க யோசித்தார். இரண்டு நாள் கழித்துச் சமையலறையில் அவள் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவது காதில் விழுந்தது. "மாமாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு விட்டுடுவாரு. நான் பாத்துக்கறேன், நீங்க ஒண்ணும் கேக்காதீங்க." அவர் தண்ணீர் குடிக்க வந்தவர் போலச் செருமினார். அவள் போனைச் சட்டென்று வைத்துவிட்டாள்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து திட்டம் போட்டிருக்கிறார்கள். பையன் நேராக மோதிப் பார்த்தான், நடக்கவில்லை. இவளை விட்டுப் பாத்தியில் தண்ணீரை ஏற்றி வெடிக்க வைக்கப் பார்க்கிறான். தளம் போட்டுவிட்டு, பாவம் மாமா என்று உச்சுக் கொட்டவும் இவள்தான் முதல் ஆளாக நிற்பாள்.  அந்தச் சின்னக் கிண்ணத்து மாத்திரையை அன்று முழுங்கும்போதுகூடத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நேரில் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கேட்டால் குற்றவாளி மழுப்புவான் என்பது அவர் தொழில் பாடம். கையும் களவுமாகத்தான் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு தூண்டில் போட்டார். திங்கட்கிழமை முதல் அவர் காலைத் தண்ணீரை நிறுத்தினார். ஆறு மணிக்கு எழுந்து தோட்டத்துக்குப் போவார், காலி வாளியைச் சத்தம் கேட்கிற மாதிரி உருட்டுவார், வந்துவிடுவார்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. மருந்துக் கடையில் சரக்கு எண்ணும் வேலை என்று இரண்டு நாள் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோய்விட்டாள். நாலு மணிக்கு விரலை விட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. செவ்வாயும் அப்படியே. "உஷாராயிட்டா" என்று முணுமுணுத்துக்கொண்டார். செடிகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சாயங்காலம் வழக்கமாக நிமிர்ந்துவிடும் இலைகள் செவ்வாய்க்கிழமை நிமிரவில்லை. வாளியை எடுத்தவர் மறுபடி கீழே வைத்தார். இப்போது ஊற்றினால் தூண்டில் வீணாகிவிடும். பிடிக்கிற வெறியில், எதைக் காப்பாற்றுவதற்காகப் பிடிக்கிறோம் என்பதே அந்த மனிதருக்கு மறந்துபோயிற்று.

புதன்கிழமை நூலகத்துக்குப் போவதுபோலச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய், சந்து வழியாகத் திரும்பி வந்து, பின்பக்கத்துக் குளியலறையில் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். சின்ன ஜன்னல். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பன்னிரண்டு மணி வெயிலில் முள்ளங்கி இலைகள் மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடந்தன.

பன்னிரண்டு இருபதுக்கு அவள் வந்தாள். கைப்பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. பாத்தியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். குனிந்து ஓர் இலையைத் தூக்கிப் பார்த்தாள், விட்டதும் விழுந்தது. உடனே திரும்பி வீட்டுப் பக்கமும் சந்துப் பக்கமும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தத் திருட்டுப் பார்வையில் செக்கருக்கு நெஞ்சு குளிர்ந்தது. வாடி வா என்று நினைத்துக்கொண்டார். அவள் வாளியை நிரப்பி ஊற்றினாள். ஒன்று. மண் குடித்த சத்தம் அவருக்கே கேட்டது. அப்போதே எழுந்து ஓடிப்போய்த் தடுத்திருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். ஒரு வாளியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வாளி. மூன்றாவது வாளியை அவள் இரண்டு கையாலும் தூக்கி வந்தபோதுதான் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

வாளி அவள் கையிலிருந்து நழுவி, இருந்த தண்ணீரும் பாத்தியில் கொட்டியது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, அவர்கிட்ட சொல்லிடாதீங்க மாமா."

"யார்கிட்ட?"

"உங்க பையன்கிட்டதான். அவருக்குத் தெரிஞ்சா உடனே டாக்டர்கிட்ட போகணும்பாரு, உங்களைத் தனியா வெளியில விடக் கூடாதும்பாரு. அதான் நானே ஊத்திட்டு இருக்கேன்."

செக்கருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா சொல்றே?"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். போன மாதம் அவர் அடுப்பில் பால் வைத்துவிட்டு மறந்து, பாத்திரம் கருகிப்போனது. அவள் கேட்டதற்கு, எனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா என்று சீறினார். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று மகன் அன்றைக்கே பேச ஆரம்பித்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் அவள் துணி காயப்போட வந்தபோது முள்ளங்கி இலையெல்லாம் துவண்டு கிடந்தது. மாமா தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார் என்று நினைத்தாள். கேட்டால் கோபம் வரும். சொல்லாமல் ஊற்றினாள். மறுநாளும் துவண்டிருந்தது, மறுநாளும் ஊற்றினாள்.

"போன்ல அண்ணிகூட சொன்னாங்க, அப்பா தினமும் ஆறு மணிக்கு ஊத்தறேன்னு பெருமையா சொல்றாருன்னு. நீங்க வேற இதைப் பத்திக் கேட்டுடாதீங்கன்னு சொன்னேன்."

அண்ணி என்றால் செக்கருடைய மகள்.

"மத்தியான வெயில்ல முள்ளங்கி இலை தொங்கத்தான்மா செய்யும். வேருல தண்ணி இருந்தாலும் தொங்கும். சாயங்காலம் தானா நிமிந்துடும்."

"எனக்கு எப்படி மாமா தெரியும்? இந்தப் பாத்திப் பக்கம் யாரையும் வர விட்டதே இல்லையே நீங்க." அவள் கண் கலங்கியிருந்தது. "ஆனா ரெண்டு நாள் நான் வரலை. இன்னிக்குப் பாத்தா மண்ணே பிளந்து கிடக்குது. ரெண்டு நாளும் மறந்துட்டீங்கதானே மாமா?"

இந்த இடத்தில் செக்கர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மறக்கவில்லை, உன்னைப் பிடிப்பதற்காகத்தான் காயப்போட்டேன் என்று.  அவள் பரிவோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றார். "கொஞ்சம் மறதியாத்தான் இருக்கு."

அவள் மணியைப் பார்த்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அப்படியே கடைக்குக் கிளம்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். மருமகள் அகலமான பாத்திரத்தோடு நின்றாள். அவன் முதல் செடியின் இலைகளைக் கொத்தாகப் பிடித்து, லேசாகத் திருகி இழுத்தான். கை நீளத்துக்கு வெள்ளைக் கிழங்கு வந்தது. தோளிலிருந்து வால்வரை கத்தியால் கீறியதுபோல ஒரு பிளவு. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் விரலே நுழைந்தது. இருபத்துநாலில் நாலு மட்டும் முழுசாக வந்தன.

மகன் சந்தோஷப்படவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். "என்னப்பா இது" என்று மட்டும் கேட்டான். "நாளைக்குக் கொத்தனாரை வரச் சொல்லட்டுமா?"

"தப்பு என் மேலதாங்க" என்றாள் மருமகள். "மத்தியானத்துல நான் தண்ணி ஊத்தினேன். தெரியாம ஊத்திட்டேன்."

"நீயா? உன்னை யார் ஊத்தச் சொன்னது? அவரு காலைல பாத்துப் பாத்து ஊத்தறாரு, நீ எதுக்கு நடுவுல போறே? ஒரு வேலையைச் சும்மா விட மாட்டியா?"

 மாமாவுக்கு மறதி என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். சொல்லாமல் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு திட்டு வாங்கினாள். செக்கர் பார்த்துக்கொண்டே நின்றார். தானும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவளோடு போய்விடும். மறந்துவிட்டேன் என்று சொன்னாலும் அவள் நல்லவளாகவே இருப்பாள், அவரும் பாவப்பட்டவராக இருக்கலாம். இரண்டுமே சுலபம். ஆனால் அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்ற விதம் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அவளைத் திட்டாதேடா. நான்தான் மூணு நாள் காயப்போட்டேன். அதனாலதான் வெடிச்சுது."

"மறந்துட்டாருங்க, அதனால என்ன" என்றாள் அவள் அவசரமாக.

"மறக்கலைம்மா." அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "வேணும்னேதான் ஊத்தலை. நீ யாருக்கும் தெரியாம ஊத்தறதைக் கண்டுபிடிச்சேன். தளம் போடறதுக்காக நீங்க ரெண்டு பேரும் சேந்து கெடுக்கறீங்கன்னு நினைச்சேன். உன்னைப் பிடிக்கறதுக்காகக் குளியலறையில ஒளிஞ்சு உக்காந்திருந்தேன். அன்னிக்கு மறதின்னு சொன்னதும் பொய்தான்."

மகன் கையிலிருந்த முள்ளங்கியைக் கீழே போட்டான். 

"இத்தனை நாளா என் சாப்பாட்டு நேரத்துலதான் ஊத்தினேன் மாமா" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "பாதி நாள் சாப்பிடாமத்தான் கடைக்குப் போனேன்."

  மன்னிச்சுக்கோம்மா என்ற வார்த்தை செக்கருக்கு வாய்வரை வந்தும் வெளியே வரவில்லை. வாழ்க்கையில் யாரிடமும் அதைச் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "தளம் வேண்டாங்க. கொத்தனாரைக் கூப்பிடாதீங்க. மாமாவுக்குத் தோட்டம் இருக்கட்டும்." பிறகு வெடித்த முள்ளங்கிகளைப் பாத்திரத்தில் அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் செக்கர் நூலகத்துக்குப் போகவில்லை. பன்னிரண்டு மணிக்கே மேசையைத் துடைத்து, இரண்டு தட்டு வைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள்ளேயே நாலு தடவை சொல்லிப் பார்த்தார். பன்னிரண்டேகால் ஆயிற்று, அரை ஆயிற்று. ஒரு மணிக்கு மருந்துக் கடைக்குப் போன் போட்டார்.

"நான் காலைலயே டப்பா கட்டிக்கிட்டு வந்துட்டேன் மாமா. இனிமே தினமும் இங்கேயே சாப்பிட்டுக்கறேன். உங்களுக்கு மூடி வச்சிருக்கேன், சாப்பிடுங்க. மாத்திரை கிண்ணத்துல இருக்கு."

கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லிச் சமாதானப்படுத்தியிருப்பார். அவள் கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற மாதிரி, பொறுமையாக, மரியாதையாகப் பேசினாள். "சரிம்மா" என்று போனை வைத்தார்.

இரண்டாவது தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து, தனியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.